அருந்ததி காட்டிய குழாய்

குழாயின் வாய்க்குள் தலையை விட்டுப் பார்த்த பழனியாண்டிக்குத் தெரிந்தது அவருடைய சொந்தக் கண்தான். எருமைக் கண் அளவுக்குப் பெருத்து, சிவப்பு நரம்பெல்லாம் ஓடி, அடியில் கிடந்து அவரையே முறைத்தது. பதறிப்போய்த் தலையை இழுத்ததில் நெற்றி விளிம்பில் இடித்தது. வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னாங்க இருக்கு உள்ள?"

"ஒண்ணுமில்ல. நான்தான் இருக்கேன்."

"அதப் பாக்கவா இம்புட்டு நீளக் குழாயி?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி கல் பொறுக்கப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்துத் தேயிலை பேக்டரியில் மிசின் பழுது பார்க்கும் பிட்டராக இருப்பவர் பழனியாண்டி. கொழுந்து உருட்டும் மிசின் எந்தப் போல்ட்டில் முனகுகிறது என்பதை லயத்து வரிசையில் தன் காம்பராவில் படுத்தபடியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரை ஒரு தகரக் குழாய் மூன்று நாளாக முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. சீமைக்குத் திரும்பிய சின்னத்துரை விட்டுப்போன சாமான் அது. நட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டுக் கப்பலில் தருவித்து, தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் இரண்டு வருஷம் குந்தியிருந்து, பனிமூட்டத்தை அறுபது மடங்கு பெரிதாகப் பார்த்ததுதான் அந்த மனிதர் கண்ட பலன். வெறுத்துப்போய்ப் பாகம் பாகமாகக் கழற்றிப் பெட்டியில் போட்டவர், தன் மோட்டார் சைக்கிளைப் பலமுறை பிழைக்க வைத்த நன்றிக்காகப் பெட்டியைப் பழனியாண்டியிடம் தள்ளிவிட்டுக் கப்பலேறிவிட்டார். முக்காலியின் ஒரு கால் உடைந்திருந்தது. அதற்கு பேக்டரியில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய் ஒன்றை அறுத்துப் பொருத்தினார். அதுவரை சரி. எதில் கண்ணை வைப்பது என்பதில்தான் சிக்கல்.

கூடவே வந்த இங்கிலீஷ் காகிதத்தைத் தோட்டத்து மருந்தையா மயில்வாகனத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மயில்வாகனம் யாழ்ப்பாணத்துக்காரர். எந்தக் காகிதத்தையும் மருந்துச் சீட்டு மாதிரி இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "வாய்க்குள்ளால பாக்கிறதில்லையாம் பழனியாண்டி. பக்கத்தில ஒரு ஓட்டை கிடக்கெல்லோ, அதுக்குள்ளால பாக்கவேணுமாம்" என்றார். அடியில் இருக்கும் குழிவான பெரிய கண்ணாடி வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பும், மேலே சாய்ந்து நிற்கும் சின்னக் கண்ணாடி அதைப் பக்கத்து ஓட்டைக்குத் திருப்பிவிடும், இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், அதற்காகப் பெரிய கண்ணாடியின் முதுகில் மூன்று திருகாணி. இதைக் கேட்டதும் பழனியாண்டிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. திருகாணி என்று ஒன்று இருந்துவிட்டால் அது அவருடைய ராஜ்ஜியம்.

அன்றைக்கே மூன்றையும் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திருகிச் சரிசெய்து, வெயில் இருக்கும்போதே எதிர்மலையைப் பார்த்தார். மலை தலைகீழாகத் தொங்கியது. அதில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக வௌவால் போலத் தொங்கினார்கள். கூடையிலிருந்து ஒரு கொழுந்துகூடக் கொட்டவில்லை. ஆச்சரியம் தாங்காமல் நாகலெட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டியதுதான் பிசகு. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு அவள் போய்வந்த அரைமணி நேரத்தில், பிட்டர் குழாயில் பொம்பளைகளைத் தலைகீழாக நிறுத்திப் பார்க்கிறார் என்ற செய்தி நாலு லயமும் சுற்றிவிட்டது. மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டு வந்து அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார்கள். அது கண்ணாடியின் குணம், பிட்டரின் குணமல்ல என்று மருந்தையாவே வந்து சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

இத்தனை பாடும் எதற்காக என்றால், மகள் பரிமளத்துக்கு வைகாசி வளர்பிறையில் கல்யாணம். கொழுந்து வெள்ளமாக வரும் காலம் என்று பெரியதுரை பகலில் லீவு தர மறுத்ததால் அந்தி முகூர்த்தம். தாலி கட்டியதும் பூசாரி இராமையா மணமக்களைப் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து, பேக்டரிப் புகைபோக்கியை நோக்கிக் கையை நீட்டி, "அதோ அருந்ததி, தெரியுதா?" என்பார். பட்டப் பகலாக இருந்தாலும் சரி, எதிரே நிற்கும் ஆளே தெரியாத பனியாக இருந்தாலும் சரி, "தெரியுது சாமி" என்று சொல்லிவிட வேண்டும். அந்தத் தோட்டத்தில் ஒரு ஜோடிகூட அருந்ததியைப் பார்த்ததில்லை. ஒரு ஜோடிகூடத் தெரியவில்லை என்று சொன்னதுமில்லை. பழனியாண்டியும் சொன்னவர்தான். கல்யாணமான மறுவாரம் நாகலெட்சுமியிடம் மெல்ல, "ஒனக்கு நெசமாத் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார். "நீங்க தெரியுதுன்னீங்க, நானும் தெரியுதுன்னேன்" என்றாள். அந்தப் பொய்யின் மேல் இருபது வருஷக் குடித்தனம் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் ஓடவிட்ட மிசினைப் போல அது அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. தன் மகளாவது நிஜமாகப் பார்த்துவிட்டு வாழப் போகட்டும் என்று நினைத்தார்.

நினைத்ததோடு நிற்காமல் ஊரெல்லாம் சொல்லியும்விட்டார். பிரஜாவுரிமைக்குப் போட்ட மனு எந்த மேசையில் கிடக்கிறது என்றே பத்து வருஷமாகத் தெரியவில்லை, இதில் அருந்ததி தெரிந்து என்னவாகப் போகிறது என்று தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கேட்டார். பழனியாண்டி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சப்தரிஷி மண்டலம் வடக்கே இருக்கிறது என்று காகிதத்திலிருந்த படத்தை வைத்து மருந்தையா கண்டுபிடித்தார். பேக்டரிப் புகைபோக்கி இருப்பது தெற்கே. அன்றிலிருந்து பூசாரி இராமையா பழனியாண்டியோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளை லெட்சுமணன் பூண்டுலோயாக்காரன், ஹட்டன் பஸ்ஸில் கண்டக்டர், நல்ல பையன். பயமெல்லாம் அவனுடைய அம்மா காளியாயியை நினைத்துத்தான். காளியாயியின் புருஷன் மாயாண்டிக் கங்காணி பத்தொன்பது வருஷமாக மாதம் தவறாமல் நெஞ்சுவலி என்று டிக்கோயாவுக்குப் போய்வந்தார். வைத்தியம் பார்த்தது டாக்டர் அல்ல, பேச்சியம்மா என்ற ஒருத்தி. கங்காணி செத்து மூன்று வருஷமாகிவிட்டது. சாவு வீட்டில்கூடக் காளியாயி அவள் பக்கம் திரும்பவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள், போனால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கமாட்டாள். நிச்சயதார்த்தத்தின்போது நாகலெட்சுமி உபசாரமாக, "ஒண்ணு போதுமா, இன்னொண்ணு வச்சுக்குங்க" என்று வடைத் தட்டை நீட்ட, காளியாயி வடையையும் நாகலெட்சுமியையும் மாறிமாறிப் பார்த்தாள். தரகருக்கு வேர்த்துவிட்டது. அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டுப் பேச்சில் எண்ணிக்கையே வராமல் எல்லாரும் பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை விட்டு வானம் கழுவிவிட்டதுபோல ஆனது. விளக்கு வைக்கும் நேரத்தில் பழனியாண்டி குழாயைத் தூக்கிப்போய் வடக்குப் பார்த்து நிறுத்தினார். வெறுங்கண்ணுக்கே வசிட்டரும் பக்கத்தில் மங்கலாக அருந்ததியும் தெரிந்தார்கள். இத்தனை வருஷமாக இவர்கள் இங்கேதான் இருந்தார்களா என்று அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குழாயைத் திருப்பி, பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்து, தெளிவு வர அதை உள்ளே வெளியே நகர்த்தும் திருகை மெல்லத் திருப்பினார். அருந்ததி தள்ளி நின்று பளிச்சென்று தெரிந்தாள். வசிட்டர் இரண்டாகத் தெரிந்தார்.

பிட்டருக்கு என்ன தோன்றும்? கண்ணாடி பிசகியிருக்கிறது என்றுதான் தோன்றியது. கால் திருப்பு, அரைத் திருப்பு என்று இரண்டு அந்தி முழுவதும் மூன்று திருகாணியோடும் மல்லுக்கட்டினார். வசிட்டரைத் தவிர மற்ற ஆறு ரிஷிகளும் ஒழுங்காக ஒற்றையாகத்தான் இருந்தார்கள், கடைசி ரிஷிகூட. இவர் மட்டும் இன்னொன்றை இறுக்கி ஒட்டிக்கொண்டு நின்றார். விடிந்ததும் மருந்தகத்துக்கு ஓடினார். மயில்வாகனம் காகிதத்தின் பின்பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"கண்ணாடியில பிழையில்லை. அது உண்மையிலேயே ரெண்டுதானாம். வெறுங்கண்ணுக்குத் தெரியாதாம். குழாய் நல்ல குழாயெண்டால் பிரிச்சுக் காட்டுமாம்."

தன் கைவேலை சரியாக இருந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாகப் பழனியாண்டி வருத்தப்பட்டார். ஒரு புருஷன், தள்ளி நிற்கும் பெண்டாட்டி, ஒட்டி நிற்கும் ஒருத்தி. இதைப் பந்தலில் வைத்துக் காளியாயி குடும்பத்துக்குக் காட்டுவதா? நாகலெட்சுமி கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தச் சனியனப் பொட்டியில போட்டு மூடுங்க. பூசாரி காட்டுற எடத்துல ஒண்ணுமே இல்ல, அதனால ஒரு வம்பும் இல்ல." ஆனால் மூடவும் வழியில்லை. சம்பந்தி வீட்டில் நட்சத்திரம் காட்டும் மிசின் இருக்கிறது என்று காளியாயியே பூண்டுலோயா முழுக்கப் பெருமை பேசி, அதைப் பார்ப்பதற்காகவே ஒரு லொறி ஜனத்தைத் திரட்டிவிட்டாளாம். கடைசியில் பழனியாண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். திருகைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் எல்லாம் மங்கி, ஒட்டியிருக்கும் இரண்டும் கலந்து ஒரே வெளிச்சமாகிவிடுகிறது. அருந்ததி தள்ளி இருப்பதால் மங்கலாகவாவது தனியாகத் தெரிகிறாள். அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்தார்.

கல்யாணத்தன்று லொறி வந்தது, மேளம் வந்தது. சமையலுக்குத் தண்ணீர் பார்க்கப் பீலிக்கரைக்குப் போன பழனியாண்டி, அங்கே ஒரு புது முகம் குந்தியிருந்து சாம்பல் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். நல்ல சேலை கட்டிக்கொண்டு யாராவது அண்டா தேய்ப்பார்களா?

"நீங்க யாரு தங்கச்சி?"

"மாப்ள வீட்டுக்குத் தூரத்துச் சொந்தம்ணே" என்று சொல்லிவிட்டு அவள் இருமினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "டிக்கோயா" என்றாள்.

பழனியாண்டிக்குக் காலடியில் மலை சரிந்தது.

"மாப்ளத் தம்பிதான் வரச் சொல்லுச்சு. ஹட்டன்ல பஸ்ஸு நின்னுச்சுன்னா எங்கிட்டதான் வந்து சோறு திங்கும். நான் பந்தலுக்கு வரமாட்டேண்ணே. மேளச் சத்தம் கேட்டாப் போதும், போயிருவேன்."

போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இருட்டுற வரைக்கும் இந்தப் பக்கமே இருங்க" என்று கெஞ்சலாகச் சொல்லிவிட்டு வந்தார்.

தாலி ஏறியது. பூசாரி பழக்கதோஷத்தில் புகைபோக்கிப் பக்கம் கையை நீட்டிவிட்டு, ஜனமெல்லாம் வடக்கே திரும்பி நிற்பதைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டார். பழனியாண்டி கீறலில் திருகை வைத்தார். மாப்பிள்ளை பார்த்தான், "பெருசா ஒண்ணு, பக்கத்துல சின்னதா ஒண்ணு" என்றான். பரிமளம் மாலை இடிக்காமல் குனிந்து பார்த்து, "ஆமாப்பா, நெசமாவே இருக்குப்பா!" என்று கத்தியேவிட்டாள். மேளக்காரர் தானாகவே ஒரு அடி அடித்தார். பழனியாண்டிக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்று இருந்தது. பேசாமல் குழாயை மூடியிருக்கலாம். அதற்குள் காளியாயி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, "அண்ணே, நானும் பாக்கணும்" என்றாள். கீறல்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில், "பாருங்க தங்கச்சி, பாருங்க" என்று வழிவிட்டார்.

காளியாயி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"மூணு இருக்கு" என்றாள்.

தூரப் பார்வையில் குறை உள்ளவர்கள் திருகை உள்ளே தள்ளினால் தெளிவாகத் தெரியும் என்று மருந்தையா எப்போதோ வாசித்த வரி அப்போதுதான் பழனியாண்டிக்கு நினைவு வந்தது. காளியாயிக்குத் தூரத்தில் எதுவும் தெரியாது. எதிர்மலையில் நிற்பது ஆளா மரமா என்று தெரியாமலேதான் இத்தனை காலம் கொழுந்து பறித்திருக்கிறாள். உலகமே அப்படித்தான் கலங்கி இருக்கும் என்று நினைத்திருந்தவள். ஊருக்கெல்லாம் மங்கலாக்கி வைத்த இடம், அவளுடைய கண்ணுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல அமைந்துவிட்டது.

"வசிட்டரு, அருந்ததி, ரெண்டே பேருதான். மூணாவதா சாஸ்திரத்துல யாருமில்ல" என்றார் பூசாரி, இந்த நாளுக்காகவே காத்திருந்தவர் போல.

"அப்ப அந்த மூணாவது ஆளு?" என்று கூட்டத்தில் எவனோ கேட்டான். எவனோ சிரித்தான். சிரிப்பு அப்படியே நின்றது.

காளியாயி நிமிர்ந்தாள். "லொறிய எடுக்கச் சொல்லு. நம்ம ஆளுங்க யாரும் இங்க சோத்துல கை வைக்கக் கூடாது. பொண்ணு இங்கயே இருக்கட்டும்."

லெட்சுமணன், "அம்மா" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. பந்தலுக்குள் நாகலெட்சுமி ஓவென்று அழ ஆரம்பித்தாள். கழுத்தில் மஞ்சள் ஈரம் காயாத பரிமளம் அப்பாவைப் பார்த்தாள். தாலி கட்டிய மகளை வாசலில் நிறுத்திவிட்டு லொறி போவதை இந்தக் கண்ணால் பார்க்க வேண்டுமா?

"அண்ணே" என்றாள் காளியாயி. குரல் உயரவில்லை. "இத்தன வருசமும் ஊரு என் காதுல விழாமப் பேசுச்சு. நீங்க வானத்துலயே எழுதிக் காட்டிட்டீங்க."

"ஐயோ, அப்பிடி இல்ல தங்கச்சி. இது பழைய கண்ணாடி. பிசகியிருக்கு. ஒண்ணு ரெண்டாத் தெரியும்." தன் கையால் ஓடவைத்த ஒரு மிசினைக் கெட்டுப்போனது என்று பழனியாண்டி சொன்னது அதுவே முதல்தடவை.

காளியாயி யோசித்தாள். "ஒண்ணு ரெண்டாத் தெரியும்னா, தள்ளி நிக்கிறவளும் ரெண்டாத்தானண்ணே தெரியணும்? அவ ஒத்தையாத்தான நிக்கிறா?"

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தத் துரையும் அவரை இப்படி மடக்கியதில்லை. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"பொய் சொல்லிட்டேன் தங்கச்சி. கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. அங்க இருக்கதே மூணுதான். ரெண்டு நாளா எனக்குத் தெரியும். ஒங்க மனசு நோகுமேன்னு மங்க வச்சு மறைக்கப் பாத்தேன். எல்லாருக்கும் மறஞ்சுச்சு, ஒங்களுக்கு மறையல. எம்புள்ளைக்கு ஒரு தடவ நெசத்தக் காட்டணும்னு நெனச்சேன், அவ்வளவுதான். தப்பு எம்மேல. அவள விட்டுட்டுப் போயிராதீங்க."

லொறி டிரைவர் என்ன செய்வது என்று தெரியாமல் இஞ்சினைக் கிளப்புவதும் அணைப்பதுமாக இருந்தான். காளியாயி மறுபடி குழாயில் குனிந்தாள். அப்பளம் ஆறியது. பாயாசம் ஆடை கட்டியது. பூண்டுலோயா ஜனம் லொறிக்கும் பந்திக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெறுங்கண்ணுக்கு இதுல எது அண்ணே தெரியும்?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"தள்ளி நிக்கிறதுதான். அருந்ததி. ஒலகத்துல யாரு பாத்தாலும் அவதான் தெரிவா. ஒட்டி நிக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும் தெரியாது தங்கச்சி."

காளியாயி அதை மனத்துக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு திடுக்கிட்டு, "அண்ணே, போறாங்களே! ஓரத்துக்குப் போறாங்க" என்றாள்.

"பூமி சுத்துதுல்ல, அதான்" என்று பழனியாண்டி குழாயை ஒரு நூல் நகர்த்தினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மீண்டும் ஓரத்துக்குப் போனதும் மீண்டும் நகர்த்தினார். நாலாவது தடவை நகர்த்தும்போது அவள் மெதுவாக, தனக்கே சொல்வதுபோல, "மூணும் ஒண்ணாத்தான் போகுது" என்றாள்.

அப்போது பீலிக்கரைப் பக்கமிருந்து அண்டா தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே இருமல் கேட்டது. காளியாயி தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த இருமல் எனக்குத் தெரியும். சாவு வீட்ல ராத்திரி பூரா கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். "லெட்சுமணா, போயி ஒங்க சின்னம்மாவ வரச் சொல்லு. அண்டா தேச்சது போதும்னு சொல்லு."

கூட்டம் வாயைத் திறந்தது திறந்தபடி இருக்க, பேச்சியம்மா வந்தாள். முழங்கை வரை சாம்பலும் கரியும். அதைச் சேலையில் துடைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். காளியாயி அவள் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்து இடம் விட்டாள்.

"குனி."

பேச்சியம்மா குனிந்தாள். ஒற்றைக் கண்ணை மூட அவளுக்கு வரவில்லை. இரண்டையும் மூடினாள், இரண்டையும் திறந்தாள், கரிக்கையால் முகத்தைத் தொட அஞ்சினாள். காளியாயி ஒரு பெருமூச்சு விட்டுக் கையை நீட்டி, தன் உள்ளங்கையால் அவளுடைய இடது கண்ணைப் பொத்தினாள்.

"தெரியுதா?"

வழக்கமாகச் சொல்ல வேண்டியதைத்தான் அவள் சொல்லப் போகிறாள் என்று பழனியாண்டி நினைத்தார்.

"தெரியலக்கா" என்றாள் பேச்சியம்மா, அழுகிற குரலில். "ஒரே வெளிச்சமாக் கெடக்கு."

"அவளுக்குத் தெரியிற மாதிரி திருப்பிக் குடுங்கண்ணே" என்றாள் காளியாயி.

பழனியாண்டி திருகைப் பிடித்து மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்தார். பேச்சியம்மாவின் இருமலுக்குக் குழாய் ஆடியது, பிறகு அடங்கியது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். லொறிக்குப் பக்கத்தில் நின்ற ஜனம் ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்கத் தொடங்கியது. கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே காளியாயி, வடக்கே, தனக்கு வெறுங்கண்ணால் ஒன்றுமே தெரியாத வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.